மந்தார வானமும் மலையின் உண்மையும்

கண்ட காட்சியைக் கண்டவாறே தேக்கி வைக்கும் கலைக்குத் தமிழர் மூன்று பெயர்களை வழங்கி வருகின்றனர். புகைப்படம் என்பது ஒன்று. நிழற்படம் என்பது மற்றொன்று. தூய தமிழ் விரும்புவோர் ஆளும் ஒளிப்படம் என்பது மூன்றாவது. மேலை நாட்டார் இக்கலைக்கு இட்ட பெயர், 'ஒளியால் எழுதுதல்' என்னும் பொருள் தரும் கிரேக்கச் சொற்களால் ஆனது. தமிழிலோ ஒளியுடன் நிழலும் புகையும் இடம் பெற்றன. இப்பெயர்கள் பிறந்த வரலாறு ஒருபுறம் இருக்கட்டும். ஒளி மட்டும் இருந்தால் படம் உருவாகாது, நிழலும் மங்கலும் அதற்கு உரியவையே என்னும் கருத்து இப்பெயர்களில் அமைந்து கிடப்பதை நாம் காணலாம்.

பெயரில் உள்ள இக்கருத்து நம் பழக்கத்தில் இருக்கிறதா என்று கேட்டால், இல்லை என்றே கூற வேண்டும். மலையைக் காணச் செல்பவர், வானம் நீலமாகவும் வெயில் பளிச்சென்றும் இருந்தால் மகிழ்கிறார். மப்பும் மந்தாரமுமாக இருந்தால், 'இன்று வந்தது வீண்' என்று கருவியை உறைக்குள் இடுகிறார். மந்தார வானத்தை நீக்கிவிட்டு வேறொரு நாளின் வானத்தைப் படத்தில் பொருத்தும் வசதியும் இன்று செல்பேசிக்குள்ளேயே வந்துவிட்டது. விரலால் ஒருமுறை தொட்டால் போதும். மேகம் மறையும், வானம் நீலமாகும். அதைப் பார்ப்பவருக்கு ஐயம் எழாது.

இது வெறும் அழகு பற்றிய விருப்பமா, அல்லது அறம் பற்றிய வினாவா? மங்கிய நாளில் நின்று மலையைப் பார்த்த நாம், மங்காத நாளின் மலையைப் பிறருக்குக் காட்டலாமா? இதுவே ஈண்டு நாம் ஆராய முற்படும் பொருள்.

நந்தி மலையும் நம்மவரும்

லிங்கராஜபுரத்திலும் அதை அடுத்த பகுதிகளிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு மலை என்றவுடன் நினைவுக்கு வருவது நந்தி மலையே. பெங்களூருக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், கடல் மட்டத்திலிருந்து 1,478 மீட்டர் உயரத்தில் அது நிற்கிறது. நாம் வாழும் நகரமே ஓர் உயர்ந்த மேட்டுநிலம். அதனினும் ஐந்நூறு மீட்டருக்கு மேல் உயர்ந்து எழுந்த பெரும் பாறை அது. திப்பு சுல்தானின் கோட்டைச் சுவரும், யோக நந்தீசுவரர் கோயிலும் உச்சியில் உள்ளன. அடிவாரத்தில் போக நந்தீசுவரர் கோயில் இருக்கிறது. 1986-ஆம் ஆண்டு நவம்பரில் பெங்களூரில் சார்க் நாடுகளின் மாநாடு நடைபெற்றபோது, நாட்டுத் தலைவர்கள் ஓய்வாக அமர்ந்து உரையாடுவதற்குத் தேர்ந்தெடுத்த இடமும் இதுவே.

விடியுமுன் புறப்பட்டு, கதிரவன் எழும் காட்சியைக் காண அங்கே கூடுவோர் பலர். ஆனால் இம்மலை தன்னைக் காண வந்தோரின் விருப்பப்படி நடந்துகொள்வதில்லை. தாழ்நிலத்து ஈரக்காற்று பாறைச் சரிவில் மோதி மேலே ஏறுகிறது, ஏறும்போது குளிர்கிறது, குளிர்ந்தபோது அதிலுள்ள நீராவி நுண்துளிகளாகிறது. அடிவாரத்தில் தெளிந்த வானம் இருக்கையில் உச்சியில் பத்தடி தொலைவிலுள்ள மரமும் தெரியாத நாட்கள் உண்டு. சுல்தான்பேட்டைப் பக்கத்துப் படிகளில் நடந்து ஏறுவோர் இம்மாற்றத்தை உடலாலேயே உணர்வர். முதலில் வியர்வை, பின்னர்க் குளிர், பின்னர் முகத்திலும் புருவத்திலும் படியும் ஈரம். எதிரே நீண்டு கிடந்த சமவெளி ஏரிகளோடும் வயல்களோடும் மெல்ல மறைந்து, வெண்மை ஒன்றே எஞ்சும்.

'ஒன்றும் தெரியவில்லை' என்று நம்மவர் கூறுவது அந்நேரத்தில்தான். உண்மையில் ஒன்றும் தெரியாமலா போகிறது? அருகில் உள்ள மரத்தின் பாசி தெரிகிறது. நனைந்த கற்சுவரின் கருமை தெரிகிறது. இலை நுனியில் தொங்கும் துளி தெரிகிறது. தொலைவு மறையும்போது அண்மை தன் முழு உருவத்தோடு முன்வந்து நிற்கிறது. நாம் எதிர்பார்த்தது தெரியவில்லை என்பதையே ஒன்றும் தெரியவில்லை என்று கூறுகிறோம். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று.

கருவியின் குறையும் காட்சியின் இயல்பும்

மந்தார நாளில் படம் எடுப்பது எளிதன்று என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். காமிராவில் உள்ள ஒளியளவி, தன் முன் உள்ள காட்சி பொதுவாக நடுத்தரச் சாம்பல் நிறம் உடையது என்னும் கணக்கின் மேல் அமைந்தது. வெண்மையான மூடுபனியைக் கண்டதும், 'ஒளி மிகுதியாக இருக்கிறது' என்று அது கருதி, உள்ளே விடும் ஒளியைக் குறைத்துவிடும். விளைவு, வெள்ளைப் பனி அழுக்குச் சாம்பலாகப் படத்தில் பதியும். மலையில் நின்றபோது நம் கண் கண்ட வெண்மை அதில் இராது. ஆகவே, அறிந்தோர் ஒளியளவி கூறுவதைவிட ஒரு படி கூட்டி, அதாவது இரு மடங்கு ஒளியை உள்ளே விட்டு, படம் எடுப்பர். அப்போதுதான் பனி பனியாகத் தெரியும்.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்குகிறது. கருவி தந்ததை அப்படியே ஏற்றுக்கொள்வது உண்மை ஆகிவிடாது. கருவிக்கும் குறை உண்டு. அதைத் திருத்தத்தான் வேண்டும். 'கை வையாத படமே மெய்யான படம்' என்பாரின் கூற்று நம் ஆராய்ச்சிக்கு உதவாது. மெய்யாகக் காட்டுவதற்கே கை வைக்க வேண்டியிருக்கிறது. அப்படியானால் எதைத் திருத்தலாம், எதைத் திருத்தலாகாது என்று வரையறுப்பதே நம் கடமை.

பாலிலிருந்து தண்ணீரைப் பிரிப்பது போன்ற இவ்வரையறைக்கு அறிவியல் வரலாற்றிலிருந்து ஒரு நிகழ்ச்சி நமக்குத் துணை புரிகிறது. திருச்சியில் 1888-இல் பிறந்த சர் சி. வி. இராமன், 1907 முதல் 1917 வரை இந்திய அரசின் நிதித் துறையில் பணியாற்றியவர். கோப்புகளோடும் கணக்குகளோடும் வாழ்க்கை நடத்தும் நம்போன்றோர் அவரை நம் இனத்தவர் என்று சொல்லிக்கொள்வதில் மகிழ்ச்சி உண்டு. 1933 முதல் பெங்களூரிலேயே தங்கி, 1970-இல் இங்கேயே மறைந்தார். அவர் 1921-இல் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் திரும்பி வருகையில் கடலின் நீலத்தை நோக்கினார். அந்நீலம் வானத்தின் பிரதிபலிப்பே என்று அந்நாளில் கருதப்பட்டு வந்தது. இராமன் நிகோல் பட்டகம் என்னும் சிறு கருவியின் வழியாகப் பார்த்தார். அது கடற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியை விலக்கியது. விலக்கிய பின்னும் நீலம் மறையவில்லை; முன்னினும் ஆழ்ந்து தோன்றியது. நீலம் கடல்நீரினுடையதே என்று அவர் தெளிந்தார்.

அவர் காட்சியின் ஒரு பகுதியை விலக்கினார் என்பது உண்மை. ஆனால் எதற்காக விலக்கினார்? கடல் எப்படி இருக்கிறது என்று காண்பதற்காக. கடல் எப்படி இருந்தால் நன்றாக இருக்கும் என்று காட்டுவதற்காக அன்று. இங்கேதான் நாம் தேடும் கோடு இருக்கிறது. பொருளை அறிய உதவும் திருத்தம் ஒருவகை. பொருளை மறைக்க உதவும் திருத்தம் மற்றொரு வகை. செயல் ஒன்றுபோல் தோன்றினும் நோக்கம் வேறு. நோக்கம் வேறாகவே அறமும் வேறாகிறது.

மேகத்தை வரைந்த படைவீரர்

இந்த வினா நம் காலத்தில் செல்பேசியோடு பிறந்தது என்று எண்ண வேண்டியதில்லை. நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன்னரே, இதே பெங்களூரில் அது எழுந்தது.

கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் அதிகாரியாக இருந்த லின்னேயஸ் டிரைப் என்பவர், 1856-இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக அமர்த்தப்பட்டார். பெங்களூரே அவருக்கு இருப்பிடமாக இருந்தது. 1857-ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிருந்து புறப்பட்டு மதுரை, தஞ்சை, திருச்சி முதலிய ஊர்களின் கோயில்களையும் மண்டபங்களையும் படமாக்கினார். தமிழகத்துக் கட்டடக் கலையின் மிகப் பழைய புகைப்படப் பதிவுகளுள் அவை சிறந்தவை. அப்பயணத்தில், அன்று சேலம் மாவட்டத்திலும் இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் அடங்கும் இராயக்கோட்டைக் குன்றையும் அவர் படம் எடுத்தார். அப்படங்கள் 1858-இல் தொகுதியாக வெளிவந்தன. பெங்களூரிலிருந்து தமிழகம் நோக்கிச் செல்லும் நம்மவருக்கு ஓசூருக்கு அப்பால் தோன்றும் அக்குன்றுகள் ஊர் நெருங்குகிறது என்று அறிவிக்கும் அடையாளங்கள்.

டிரைப் கையாண்டது மெழுகிட்ட காகிதத்தில் நெகட்டிவ் எடுக்கும் முறை. அக்காலத்து இரசாயனப் பூச்சு நீல ஒளிக்கு மிகுந்த உணர்ச்சி உடையது. நிலமும் மரமும் பதியும் அளவு காத்திருந்தால் வானம் அளவுக்கு மீறிப் பதிந்துவிடும். எனவே எந்த நாளில் எடுத்தாலும் வானம் வெற்று வெள்ளையாகவே படத்தில் வந்தது. இதனை அவர் எவ்வாறு ஈடு செய்தார்? நெகட்டிவின் மேல் தூரிகை கொண்டு வண்ணம் தீட்டி மேகங்களை வரைந்தார். இலைக் கொத்துகளையும் சில இடங்களில் திருத்தினார். இன்றும் அப்படங்களை ஆராயும் அறிஞர்கள் அத்தூரிகைச் செயலைக் கண்டு காட்டுகின்றனர். அதே காலத்தில் பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே என்பவர் கடலுக்கு ஒரு நெகட்டிவும் வானத்திற்கு மற்றொரு நெகட்டிவும் எடுத்து, இரண்டையும் இணைத்துப் படம் அச்சிட்டார்.

இங்கு நாம் கருதத்தக்க விந்தை ஒன்று உண்டு. அன்றைய கலைஞர், படத்தில் மேகம் இல்லையே என்று வருந்தி மேகத்தை வரைந்தனர். இன்றைய நாம், படத்தில் மேகம் இருக்கிறதே என்று வருந்தி மேகத்தை அழிக்கிறோம். மேகம் மாறவில்லை, மாறியது மனிதனின் விருப்பமே.

டிரைப் செய்தது பொய்யா? எளிதில் விடை கூற இயலாத வினா இது. அவர் மலைமேல் மேகத்தைக் கண்டார், காகிதம் காணவில்லை, கண்டதை மீண்டும் எழுதினார் என்றால், அது கருவியின் குறையைத் திருத்தியதே ஆகும். அன்று வானில் இல்லாத மேகத்தை அழகுக்காக எழுதினார் என்றால், அது வேறு. எது நிகழ்ந்தது என்பதற்கு அப்படமே சான்று கூற இயலாது. சான்று கூற வேண்டியவர் எடுத்தவர் மட்டுமே. படத்தின் உண்மை படத்திற்குள் இல்லை. படத்தை நீட்டுபவரின் நாவில் இருக்கிறது.

சென்னை அரசு 1859-60-இல் செலவைக் காரணம் காட்டி அவருடைய பணியை நிறுத்திவிட்டது. ஆயினும் அவர் எழுப்பிய வினா நிற்கவில்லை.

சுருக்கொப்பத்தின் அறம்

அலுவலகத்தில் கோப்பு எழுதுவோர் அனைவரும் அறிந்த முறை ஒன்று உண்டு. குறிப்பில் பிழை நேர்ந்தால் அதைச் சுரண்டி அழித்தல் கூடாது. பழைய சொல் தெரியுமாறு ஒரு கோடு இட்டு அடித்து, புதிய சொல்லை மேலே எழுதி, அருகில் சுருக்கொப்பம் இட வேண்டும். திருத்தம் குற்றம் அன்று. மறைத்துத் திருத்துவதே குற்றம். ஓர் எழுத்தை மாற்றியவர் அதற்குப் பொறுப்பேற்று நின்றால் கோப்பின் நம்பகம் கெடுவதில்லை. ஒருவரும் அறியாமல் தேதி மாறிப்போனால், அக்கோப்பு முழுவதையுமே யாரும் நம்பார்.

படத்திற்கும் இதுவே நெறி என்று நாம் கருதுகிறோம். அந்நாட்களில் புகைப்பட நிலையங்களில் பின்னே ஒரு திரை தொங்கும். மலையும் அருவியும் மாளிகைப் படிகளும் அதில் தீட்டப்பட்டிருக்கும். புதுமணத் தம்பதியர் அதன் முன்னே நாற்காலியில் அமர்ந்து படம் எடுத்துக்கொள்வர். அந்த மலை பொய் மலை. ஆயினும் அதனால் ஏமாந்தவர் எவரும் இலர். அது திரை என்பது பார்ப்பவருக்குத் தெரியும். தெரியும் என்பது எடுத்தவருக்கும் தெரியும். திரையின் மடிப்பும் தரையோடு சேரும் ஓரமுமே அதற்குச் சுருக்கொப்பம். இன்று செல்பேசி மாற்றும் வானத்தில் மடிப்பு இல்லை, ஓரம் இல்லை. ஆகையால் சுருக்கொப்பத்தை நாமே இட வேண்டியவர்களாகிறோம்.

திணை வகுத்த முன்னோர்

மலைக்கு உரிய நாள் எது என்று நம் முன்னோரைக் கேட்டிருந்தால் என்ன விடை கூறியிருப்பர்? விடையைத் தொல்காப்பியமே வகுத்து வைத்திருக்கிறது. மலையும் மலை சார்ந்த இடமுமாகிய குறிஞ்சிக்கு அது கொடுத்த பெரும்பொழுது கூதிரும் முன்பனியும், சிறுபொழுது யாமம். அதாவது, குளிர்காற்றும் தூறலும் நிறைந்த காலம், பனி இறங்கும் காலம், நள்ளிரவு. நண்பகலையும் வேனிலையும் அது யாருக்குக் கொடுத்தது? நீரும் நிழலும் அற்ற பாலைக்கு.

எண்ணிப் பார்க்கையில் இப்பகுப்பு நம்மை வியக்க வைக்கிறது. பளிச்சென்ற வெயிலில் தெளிவாகத் தெரியும் மலையைத்தான் நாம் மலையின் நல்ல தோற்றம் என்கிறோம். தமிழ்ப் புலவர்களோ குளிரும் பனியும் இருளும் சூழ்ந்த மலையையே அதன் இயல்பான தோற்றமாகக் கொண்டனர். அவர்கள் மலையைக் கண்ணால் மட்டும் கண்டவர் அல்லர். அதில் வாழ்ந்தோரின் வாழ்வோடு சேர்த்துக் கண்டனர். தினைப்புனத்திற்குத் தூறல் வேண்டும். அருவிக்கு மேகம் வேண்டும்.

இவ்வுணர்வு தமிழர்க்கு மட்டும் உரியதன்று. பதினோராம் நூற்றாண்டில் சீன நாட்டில் வாழ்ந்த குவோ சி என்னும் ஓவியர், மலை முழுவதையும் வரைந்து காட்டினால் அதன் உயரம் தோன்றாது என்றும், அதன் இடையில் மூடுபனி சூழ்ந்தால்தான் உயர்வு புலப்படும் என்றும் தம் மாணவர்க்குக் கற்பித்தார். காமிரா ஏந்தி நந்தி மலையில் நிற்போர் இதைச் சோதித்துப் பார்க்கலாம். அருகில் உள்ள மரம் கருமையாக, அடுத்த மரம் சாம்பலாக, அதற்கு அப்பால் உள்ள பாறை கோடாக, அதற்கும் அப்பால் உள்ளது வெறும் நினைவாக அடுக்கடுக்காகத் தோன்றும். தெளிந்த நாளில் எல்லாம் ஒரே தளத்தில் ஒட்டியவை போல் தெரியும் இடங்கள், மந்தார நாளில் ஆழம் பெற்று விளங்கும்.

ஊருக்கு அனுப்பும் படம்

இனி, இவ்வினா நம் வாழ்க்கையைத் தொடும் இடத்திற்கு வருவோம். வேற்றூரில் வாழும் குடும்பத்திற்குப் படம் என்பது பொழுதுபோக்கு மட்டும் அன்று, அது சான்று. ஊரில் உள்ள தாய், தன் மகன் எப்படி வாழ்கிறான் என்பதை அப்படத்தைக் கொண்டே அறிகிறாள். 'தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி' என்பது பழமொழி. நாம் தொலைவில் இருப்பவர். ஆகவே நாம் காட்டுவதெல்லாம் பச்சையாகவே தெரியும். தெரியும் என்பதை அறிந்து, இன்னும் சிறிது பச்சையைப் பூசி அனுப்புவதும் நம்மவரிடையே வழக்கமாகிவிட்டது. வாடகை வீட்டின் ஈரச்சுவர் படத்தில் இராது. குழாயடியில் காத்திருக்கும் குடங்கள் இரா. மலையுச்சியில் நீல வானத்தின் கீழ்ச் சிரிக்கும் குடும்பம் மட்டும் இருக்கும்.

இதற்கு எதிர்வாதம் ஒன்று உண்டு. அதை நாம் புறக்கணிக்கலாகாது. 'தொலைவில் இருக்கும் தாயை ஏன் வருத்த வேண்டும்? நல்லதைக் காட்டினால் அவள் நிம்மதியாக உறங்குவாள் அல்லவா?' என்பர். வள்ளுவரையும் துணைக்கு அழைப்பர். வாய்மை அதிகாரத்தில் அவர், குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கத்தக்கது என்று கூறியிருப்பது உண்மையே. ஆயினும் அவர் இட்ட நிபந்தனையை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். நன்மை தந்தால் போதும் என்று அவர் விடவில்லை. அந்நன்மை குற்றம் நீங்கியதாக இருத்தல் வேண்டும் என்றார்.

ஊருக்கு அனுப்பும் பளிச்சென்ற படம் குற்றம் நீங்கிய நன்மையைத் தருகிறதா? தாய் ஒருத்தி மட்டுமே அதைப் பார்ப்பாளாயின் அவ்வாறு கூற இடம் உண்டு. ஆனால் அதை அண்டை வீட்டாரும் காண்கின்றனர். பள்ளிப் படிப்பை முடித்து, வேலை தேடி நிற்கும் இளைஞன் காண்கிறான். பெங்களூரில் வாழ்க்கை இப்படித்தான் இருக்கும் என்று நம்பி, இருந்த நிலத்தைக் குத்தகைக்கு விட்டு, கடன் பெற்று, இரயில் ஏறுகிறான். இங்கு வந்த பின்னர் அவன் காணும் மந்தாரத்தைப் பற்றி யாரும் அவனுக்கு முன்னரே சொல்லவில்லை. சொல்லாமைக்கு யார் பொறுப்பு? நாம் பொய் பேசவில்லை. ஒரு சொல்லும் எழுதவில்லை. படம் மட்டுமே அனுப்பினோம் என்று கூறித் தப்ப இயலுமா? சொல்லால் கூறினால் ஐயுற்றுக் கேள்வி கேட்பான். படமாகக் கண்டதால் கேளாமலே நம்பினான். சொல்லினும் படத்திற்குப் பொறுப்பு மிகுதி என்பது இதனால் பெறப்படும்.

மேலும், நன்மை பெற்றதாகக் கருதப்படும் அத்தாயின் நிலையையும் எண்ணுக. மகனின் வாழ்வில் மேகம் ஒன்றும் இல்லை என்று நம்பியவள், தன் நோயையும் தன் வறுமையையும் அவனிடம் கூறத் தயங்குகிறாள். 'அவன் நன்றாக இருக்கிறான். நம் துன்பத்தைச் சொல்லி அவன் மகிழ்ச்சியைக் கெடுப்பானேன்?' என்று அவளும் ஒரு நீல வானத்தைத் தன் கடிதத்தில் தீட்டுகிறாள். இரு பக்கமும் வெயில் அடிக்கிறது. இரு பக்கமும் மனிதர் தனித்து நனைகின்றனர். உண்மையை மறைத்துக் காக்கப்பட்ட அன்பு, துன்பம் வந்த நாளில் தாங்கிப் பிடிக்க இயலாத அன்பாக மெலிந்துவிடுகிறது. இதைக் குற்றம் நீங்கிய நன்மை என்று எவ்வாறு கூறுவது?

துன்பத்தை மட்டுமே காட்ட வேண்டும் என்பதும் நம் கருத்தன்று. அழுகையைத் தேடிப் படம் எடுப்பதும் மற்றொரு வகைப் பொய். மலையில் வெயில் அடித்த நாளில் வெயிலைக் காட்டுக. மந்தாரம் சூழ்ந்த நாளில் மந்தாரத்தைக் காட்டுக. அன்றன்று உள்ளதை அன்றன்று காட்டுவதே நேர்மை.

மேகமே ஆறு

மந்தாரத்தை மறைப்பதில் உள்ள பெரும் இழப்பை நந்தி மலையே நமக்குக் கற்பிக்கிறது. இம்மலையும் இதைச் சூழ்ந்த குன்றுகளும் வெறும் காட்சிப் பொருள்கள் அல்ல. பாலாறும் தென்பெண்ணையும் தோன்றும் பகுதி இதுவே. வடபெண்ணையும் அருக்காவதியும் இங்கிருந்தே தொடங்குகின்றன. பாலாற்றின் நீளம் 348 கிலோமீட்டர். அதில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டில் உள்ளது. வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் ஆகிய ஊர்களைத் தொட்டுச் சென்று கடலில் கலக்கிறது. தென்பெண்ணை ஓசூர், கிருஷ்ணகிரி, சாத்தனூர் வழியாகக் கடலூரை அடைகிறது. பெங்களூருக்குப் பிழைப்புத் தேடி வந்த தமிழ்க் குடும்பங்களில் பல இவ்விரு ஆறுகளின் கரைகளிலிருந்தே வந்தவை. ஆறு இறங்கிச் சென்ற வழியே அவர்கள் ஏறி வந்தனர் எனலாம்.

பாலாறு தமிழ்நாட்டில் ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கிறது. 2021-ஆம் ஆண்டு நவம்பரில் இரு கரையும் கொள்ளாத வெள்ளம் வந்தபோது, பாலங்களின் மேல் நின்று நீரைக் கண்ட முதியோர் பலர். அக்கரையில் வாழும் ஒரு மூதாட்டி, 'எங்கள் ஆறு பிறக்கும் மலையைப் படம் எடுத்து அனுப்பு' என்று இங்குள்ள பேரனிடம் கேட்டால், அவன் எந்தப் படத்தை அனுப்ப வேண்டும்? நீல வானத்தின் கீழ் உலர்ந்து மின்னும் பாறையையா? நீர் துளிர்த்து, பனி போர்த்து, ஒன்றும் தெரியாமல் நிற்கும் மலையையா? முன்னது அழகாக இருக்கலாம். அவளுடைய ஆற்றுக்கும் அதற்கும் தொடர்பில்லை. பின்னதில் அவள் காண்பது படத்தின் குறை அன்று. தன் ஊருக்கு வர வேண்டிய தண்ணீர். மேகத்தை அழித்துவிட்டு அனுப்பும் பேரன், பாட்டி கேட்ட பொருளையே அழித்துவிட்டு அனுப்புகிறான்.

தென்பெண்ணையின் கதையும் இத்தகையதே. பெங்களூரின் கழிவுநீர் கலந்து வரும் அவ்வாறு, ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்க நிற்கும் காட்சி பலமுறை செய்தியாக வந்துள்ளது. மேட்டில் வாழும் நாம் கழித்ததே பள்ளத்தில் வாழும் நம் உறவினரைச் சென்று சேர்கிறது. நகரின் பூங்காக்களை மட்டும் படமெடுத்து அனுப்பினாலும், அந்நுரை சொல்லிவிடும். உண்மையைப் படத்திலிருந்து நீக்கலாம். ஆற்றிலிருந்து நீக்க இயலாது.

செய்யத்தக்கது

ஆகவே நாம் முடிவாகக் கூறத்தக்கவை மூன்று. ஒன்று, கருவியின் குறையைத் திருத்துக. பனி வெண்மையாக இருந்தால் வெண்மையாகவே காட்டுக. இரண்டு, கண்டது கண்டவாறு இருக்க விடுக. மலைக்கு வேறொரு நாளின் வானத்தைச் சூட்டற்க. மூன்று, கலைக்காகவோ விளையாட்டுக்காகவோ மாற்றினால், மாற்றினேன் என்று சுருக்கொப்பம் இடுக. முன்பெல்லாம் படத்தின் பின்புறத்தில் நாளும் இடமும் எழுதி வைப்பார்கள். அவற்றோடு ஒரு சொல்லைச் சேர்த்து, 'மந்தாரமான காலை' என்று எழுதிவிட்டால், அப்படம் வெற்று வெள்ளையாக இருப்பினும் பல்லாண்டு கழித்துப் பார்ப்பவருக்கு ஒரு காலைப் பொழுது முழுவதையும் கொடுக்கும்.

பிறந்த ஊரை விட்டு வந்தவர்களின் பிள்ளைகள் தம் பெற்றோரின் வாழ்வைப் பெரும்பாலும் படங்களின் வழியாகவே அறியப் போகின்றனர். நாம் இறந்த பின்னர் அவர்கள் கையில் இருக்கப் போவது அந்தச் சிறு குவியல் மட்டுமே. அதில் எல்லா நாட்களும் வெயில் நாட்களாக இருந்தால், தம் வாழ்வில் மேகம் சூழும் நாளில் அவர்கள் தம்மையே நொந்துகொள்வர். 'நம் பெற்றோர்க்கு இப்படி ஒரு நாளும் இருந்ததில்லையே' என்று கலங்குவர். மங்கிய மலையின் முன்னே, நனைந்த தலையோடு, ஆனாலும் அங்கே நிற்கும் தாய் தந்தையரின் படம் ஒன்று அக்குவியலில் இருக்குமானால், அது அவர்களுக்குத் துணையாக நிற்கும்.

மலை மந்தாரத்திலும் மலையே. அதனை அவ்வாறே காணும் கண்ணும், அவ்வாறே காட்டும் நெஞ்சும் நமக்கு வேண்டும்.